எல்லாக் காயையும் ஒரே தட்டில் போட்டால் எப்படிச் சிவக்கும்?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "இலையுதிர் காலம் வந்ததும் பூசணி, சர்க்கரைவள்ளி, பீட்ரூட், கேரட், முட்டைக்கோஸ் என்று பை நிறைய வாங்கிவிடுகிறேன். எல்லாவற்றையும் நறுக்கி எண்ணெய் விட்டு ஓவனில் வைத்தால் சுட்ட காய் வருவதில்லை, தண்ணீர் விட்டு அவிந்த காய்தான் வருகிறது. முட்டைக்கோஸ் சமைத்தால் வீடு முழுக்க வாடை. கெட்டிப் பூசணியை வெட்டப்போய் போன வாரம் கத்தி வழுக்கிவிட்டது. மிச்சமெல்லாம் ஃபிரிட்ஜில் கிடந்து வீணாகிறது. கணவருக்குச் சர்க்கரை நோய், அவருக்குக் கிழங்கு கொடுக்கலாமா?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஓவன்.

தப்பு ஓவனில் இல்லை, தட்டில்தான். காயின் மேல் ஈரம் இருக்கும்வரை அதன் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது, காய் சிவந்து மணம் வருவதோ சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் மும்முரமாக நடக்கும். நெருக்கி அடைத்துவைத்தால் ஒரு துண்டு விடும் ஆவியில் பக்கத்துத் துண்டு வேகும், நீங்கள் அவித்ததற்கும் அதற்கும் வித்தியாசமே இருக்காது. போதாக்குறைக்கு ஐந்து வகைக் காயை ஒன்றாகக் கொட்டியிருக்கிறீர்கள். 100 கிராம் சாதாரணப் பூசணியில் சுமார் 92 கிராம் தண்ணீர், முட்டைக்கோஸிலும் அதே அளவு. கேரட்டிலும் பீட்ரூட்டிலும் 88, பட்டர்நட் பூசணியில் 86, சர்க்கரைவள்ளியில் 77. பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லையே என்பீர்கள். தண்ணீரைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்: பூசணியில் 8 கிராம், சர்க்கரைவள்ளியில் 23, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பூசணி தண்ணீர் விட்டுக் குழையும்போது கிழங்கு இன்னும் நடுவில் நறுக்கென்று இருக்கும், அது வேகட்டும் என்று விட்டால் பூசணி கூழாகிவிடும்.

அதனால் இரண்டு தட்டு. ஒன்றில் கேரட், பீட்ரூட் மாதிரி வேர்க்காய்கள், இன்னொன்றில் பூசணி. கழுவிய காயைத் துணியால் நன்றாகத் துடைத்து, 2 முதல் 3 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுப் பாத்திரத்திலேயே பிரட்டிக்கொள்ளுங்கள். தட்டின் மேல் எண்ணெயைத் தாரையாக ஊற்றுவதில் பயனில்லை, பாதித் துண்டுகளுக்குப் போய்ச் சேராது. உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும், அதனால் ஓவனில் வைப்பதற்குச் சற்று முன்னால்தான் போட வேண்டும். 220 டிகிரியில் வெறும் தட்டையும் சேர்த்துச் சூடாக்கிவிட்டு, அதன்மேல் காயைக் கொட்டும்போது 'சொய்ங்' என்று சத்தம் வந்தால் பாதி ஜெயித்துவிட்டீர்கள். துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும், முதல் 15 நிமிடம் தொடவே வேண்டாம். கரண்டியை விட்டதும் பெயர்ந்து வராமல் ஒட்டிக்கொள்ளும் துண்டு அனேகமாக இன்னும் சிவக்கவில்லை, சிவந்தால் பெரும்பாலும் தானே விட்டுவிடும். பூசணிக்கு 25, 30 நிமிடம், வேர்க்காய்க்கு 35, 40.

இன்னொன்று. அலங்காரத்துக்கென்று வளர்க்கும் பெரிய பூசணி நாரும் தண்ணீருமாக இருக்கும், சுவையும் குறைவு. அதைச் சுட நினைக்காதீர்கள், சூப்புக்கு விட்டுவிடுங்கள்.

சர்க்கரைவள்ளியை ஏன் இரண்டு தட்டிலும் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். அதன் கதையே வேறு. அந்தக் கிழங்குக்குள் மாவை இனிப்பாக மாற்றும் ஒரு நொதி இருக்கிறது. மாவு வெந்து இளகினால்தான் அதற்கு வேலை, இது ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் தொடங்கும். சூடு 80 டிகிரியைத் தொடும்போது நொதியே செத்துப்போகும். அதாவது கிழங்கின் உட்பகுதி அந்த இடைப்பட்ட சூட்டில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்கு இனிப்பு. மைக்ரோவேவில் சில நிமிடத்தில் வேகவைத்த கிழங்கு சப்பென்று இருப்பது இதனால்தான், அந்தக் கட்டத்தை ஓட்டமாகக் கடந்துவிடுகிறது. முழுக் கிழங்கைத் தோலோடு நாலு இடத்தில் முள்கரண்டியால் குத்தி, சூடாக்காத ஓவனில் வைத்து, அப்புறம் 190 டிகிரிக்குத் திருப்பிவிட்டு ஒரு மணி நேரம் மறந்துவிடுங்கள். குத்திய ஓட்டை வழியாகப் பாகு கசிந்து, தட்டில் சொட்டி, கறுத்துப் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். கத்தியால் குத்திப் பார்க்கக்கூட வேண்டியதில்லை, அந்தக் கறுத்த பாகைப் பார்த்தாலே கிழங்கு தயார் என்று தெரிந்துவிடும்.

சரி, பூசணியை வெட்டுவது. வழுக்குவதற்குக் காரணம் உருண்டை வடிவம்தான், உங்கள் கை பலம் இல்லை. பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்து, காம்பையும் அடியையும் சீவித் தட்டையாக்கி, பூசணியை நிமிர்த்தி வைத்து மேலிருந்து கீழாக அழுத்துங்கள். அப்படியும் கத்தி இறங்காவிட்டால், நாலைந்து இடத்தில் ஆழமாகக் குத்திவிட்டு மைக்ரோவேவில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள், தோல் இளகிவிடும் (குத்தாமல் வைத்தால் வெடிக்கும், சொல்லிவிட்டேன்). கூழுக்கோ சூப்புக்கோ என்றால் தோல் சீவுகிற வேலையே வேண்டாம், இரண்டாகப் பிளந்து கவிழ்த்துவைத்துச் சுட்டு, கரண்டியால் வழித்தெடுத்தால் போதும். பட்டர்நட் சீவியபின் விரலெல்லாம் பசை தடவிக் காய்ந்தமாதிரி இறுகுகிறதா? அது அதன் பால், சிலருக்குத் தோல் உரியக்கூடச் செய்யும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பூசணியில் ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் கறாரான எச்சரிக்கை. பச்சைத் துண்டை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். சுள்ளென்று கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டசின் என்கிற நச்சுப்பொருள், வேகவைத்தாலும் போகாது, கடுமையான வாந்தி வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். காசு கொடுத்து வாங்கியது என்று மசாலா தூக்கலாகப் போட்டுச் சரிக்கட்டுவது இங்கே வேண்டாம்.

முட்டைக்கோஸ் வாடைக்கு மருந்து நேரம்தான். அதில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வேக வேக உடைந்து வாயுவாக வெளிவரும், கொதிநீரில் ஐந்தாறு நிமிடம் தாண்டினால் வாடை சட்டென்று தூக்கும். ஒன்று, மெல்லிசாக நறுக்கி நல்ல சூட்டில் மூன்று நான்கு நிமிடம் வதக்கி, கடித்தால் நறுக்கென்று இருக்கும்போதே இறக்குங்கள். இல்லையென்றால் தண்டோடு ஆறு பாகமாக வெட்டி, வெட்டிய முகம் அடியில் படும்படி கனமான வாணலியில் கருகக் கருக வறுங்கள், ஓரமெல்லாம் தித்திக்கும். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். சிவப்பு முட்டைக்கோஸ் சமைக்கும்போது நீலமாகிப் பயமுறுத்தினால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுங்கள், நிறம் திரும்பிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், கேல் போன்ற கரும்பச்சைக் கீரைகளைச் சீசன் வந்தது என்று திடீரென அள்ளிக் கொடுக்காதீர்கள். அவற்றில் வைட்டமின் கே அதிகம், மருந்தின் வேலையைக் கெடுக்கும். அளவை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பீட்ரூட்டை அவிப்பதாக இருந்தால் தோலோடும் வாலோடும், காம்பில் இரண்டு சென்டிமீட்டர் விட்டும் முழுசாகப் போடுங்கள், சாயம் தண்ணீரில் போகாது. மண்வாசனை பிடிக்காதவர்களுக்குக் கொஞ்சம் புளிப்புச் சேர்த்தால் அது அடங்கும். மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பதற வேண்டாம், சிலருக்கு அப்படித்தான்.

வீணாவது பற்றி. எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் திணிப்பதுதான் சிக்கல். முழுப் பூசணிக்கும் சர்க்கரைவள்ளிக்கும் அந்தக் குளிர் ஆகாது. கிழங்கை அங்கே போட்டால் எவ்வளவு வேகவைத்தாலும் நடுவில் கட்டை மாதிரி ஒரு பகுதி நின்றுவிடும். இரண்டையும் 10 முதல் 15 டிகிரி இருக்கும் காற்றோட்டமான இருட்டு மூலையில் வையுங்கள். காம்பு உடையாத பட்டர்நட் இரண்டு மூன்று மாதம்கூட நிற்கும், முதல் சில வாரங்களில் மாவு சர்க்கரையாகி இன்னும் ருசிக்கும். வெட்டிய பூசணி மட்டும் விதையும் நடுவில் உள்ள நாரும் வழித்து, மூடி, ஃபிரிட்ஜில் நான்கைந்து நாள். கேரட்டும் பீட்ரூட்டும் ஃபிரிட்ஜுக்கே சொந்தம், ஆனால் வாங்கி வந்த அன்றே இலையை வெட்டிவிடுங்கள், இலை வேரிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பீட்ரூட் இலையைத் தூக்கிப் போடாதீர்கள், கீரையாக வதக்கலாம். அப்புறம், கேரட் பக்கத்தில் ஆப்பிள் வேண்டாம். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு கேரட்டைக் கசக்க வைக்கும், முட்டைக்கோஸ் இலையை மஞ்சளாக்கி உதிர்க்கும்.

இனி உங்கள் கணவர். கிழங்கு கொடுக்கலாம், ஆனால் மேலே நான் வர்ணித்த பாகு சொட்டும் கிழங்கை இல்லை. சுட்ட சர்க்கரைவள்ளி ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும், அதே கிழங்கைத் தண்ணீரில் அவித்தால் ஏற்றம் நிதானமாக இருக்கும். 100 கிராம் கிழங்கில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து இருப்பதால், அதை வழக்கமான சாப்பாட்டுக்குக் கூடுதலாக வைக்காமல், தட்டில் இருக்கும் சோறு அல்லது ரொட்டியில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வையுங்கள், கூடவே பருப்போ முட்டையோ இருக்கட்டும். சாதாரணப் பூசணியில் 6, 7 கிராம்தான், கேரட்டிலும் பீட்ரூட்டிலும் 10 கிராமுக்குள், அவற்றில் இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டாம். முதல்முறை கிழங்கு கொடுத்த அன்று, சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து வீட்டிலேயே ஒருமுறை சர்க்கரை பார்த்து எழுதிவையுங்கள், அவருக்கு அந்த அளவு ஒத்துவருகிறதா என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.