பாட்டியின் கத்தி

அன்புள்ள ஐயா,
என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். அவரைப் பற்றிய என் முதல் சிறுகதையை இணைத்துள்ளேன். கதை படிக்கும்போது கண்ணாடி நியூரான்களால் நம் மூளையும் அதே வேலையைச் செய்கிறதாமே! அப்படியென்றால் தோட்டத்தையே பார்க்காத கோலாலம்பூர் வாசகருக்கும் பாட்டியின் வலி புரியுமா?
க., சுங்கை சிப்புட்

அன்புள்ள க.,

கண்ணாடி நியூரானைக் கொஞ்சம் கீழே வையுங்கள். 1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா நகரில் நரம்பியல் ஆய்வாளர் ரிசோலாட்டியின் குழுவினர் அதைக் கண்டது குரங்கின் மூளையில். தான் ஒன்றை எடுத்தாலும், பிறர் எடுப்பதைப் பார்த்தாலும் துடித்த செல்கள் அவை. அங்கிருந்து பாட்டியின் வலிக்குத் தாவுவது வாட்சாப் விஞ்ஞானம்.

ஆனால் என் அம்மாவின் மணிக்கட்டை நானே பார்த்திருக்கிறேன். அவரும் பால்மரம் வெட்டியவர்தான். அந்த வேலையை விட்டு வெகுகாலம் ஆன பிறகு, தொலைக்காட்சி நாடகத்தில் ஒரு நடிகர் மரம் வெட்டினார். நாங்கள் ‘பாவம், எவ்வளவு கஷ்டம்’ என்று உருகிக்கொண்டிருந்தோம். அம்மாவின் வலக்கை மட்டும் மடியில் சுண்டிச் சுண்டி இழுத்தது. “படுபாவி, காயம் போடுறான்! அந்தப் பட்டை இனி எப்படி ஒழுங்கா வளரும்?” பரிதாபப்பட்டது நாங்கள், புரிந்தது அவருக்கு.

2005இல் வெளியான ஆய்வொன்றில் பாலே கலைஞர்களுக்கும் பிரேசிலின் தற்காப்பு ஆட்டமான கபோய்ராவின் கலைஞர்களுக்கும் இரண்டு ஆட்டங்களையும் காட்டி மூளையைப் படம் எடுத்தார்கள். தாம் பழகிய ஆட்டத்துக்குத்தான் அசைவுப் பகுதிகள் கூடுதலாக விழித்தன. படிப்பதிலும் இப்படி ஒன்று உண்டு. உதைப்பது, நக்குவது போன்ற வினைகளைப் படித்தாலே காலுக்கும் நாக்குக்கும் உரிய பகுதிகளோ அவற்றை ஒட்டிய இடங்களோ தூண்டப்படுவதாக 2004இல் ஓர் ஆய்வு சொன்னது. உறுப்பு செயலிழந்தவருக்கும் அதற்குரிய சொற்கள் புரிகின்றனவே என்று மறுப்பவர்கள் உண்டு. இருக்கட்டும்.

உங்கள் மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். ‘பாட்டி தினமும் போராடினாள், கஷ்டப்பட்டாள், வியர்வை சிந்தினாள்.’ இதில் எந்தக் கை அசைகிறது? எந்தக் கால் நடக்கிறது? நம் தோட்டக் கதைகளில் பாதி இப்படித்தான் அழுதே முடிகின்றன. நெற்றி விளக்கு எங்கே? வெட்டுக்கோட்டில் உறைந்து, முதலில் உரித்தெடுக்கும் கோட்டுப்பால் எங்கே? இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, கட்டையைத் தொடாமல் பட்டையை மட்டும் சீவும் கத்தி எங்கே? கத்தியோடு சேர்ந்து நகரும் காலும், பால் பிடிக்கும் மங்கு என்ற கிண்ணத்தைத் துடைத்து வைக்கும் விரலும்? எதுவுமே இல்லை அம்மா! கோலாலம்பூர்க்காரருக்குக் கத்தி பிடித்த பழக்கம் இல்லாவிட்டாலும் கையும் விரலும் இருக்கின்றன. அசைவதற்கு ஏதாவது கொடுங்கள்.

பாட்டி இருக்கிறார்தானே? ஒரு கத்தியைக் கையில் கொடுத்து வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் நீங்களும் வெட்டிப் பாருங்கள், அவர் திட்டட்டும். கதையை அதற்குப் பிறகு அனுப்பலாம், மூன்றாம் பக்கம் இல்லாமல்.