லிபர்டேரியன் நண்பர் எந்தப் பக்கம்?

தம்பி, டல்லாஸுக்கு வந்து சேர்ந்த கையோடு உங்களுக்கு வந்திருக்கும் குழப்பம் இங்கே பலருக்கும் வருவதுதான். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தன்னை லிபர்டேரியன், அதாவது அரசாங்கத்தின் அதிகாரம் குறைவாக இருக்க வேண்டும் என்பவர், என்கிறார். வரியைக் குறைக்கணும் என்று குடியரசுக் கட்சிக்காரர் மாதிரி பேசுகிறார். அடுத்த நிமிடமே குடியேற்றத் துறையின் கெடுபிடியை ஜனநாயகக் கட்சிக்காரரையும் மிஞ்சித் திட்டுகிறார். இவர் எந்தப் பக்கம், இவர் கூப்பிடும் கூட்டத்துக்கு ஹெச்-1பி விசாவில் இருக்கும் நான் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் பக்கம் மாறிப் பேசவில்லை. எல்லா விஷயத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: இந்த அதிகாரத்தை அரசாங்கத்துக்கு யார் கொடுத்தது? நாளைக்கு நமக்குப் பிடிக்காத ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இந்த அதிகாரம் அவர் கையில் இருக்கலாமா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் அவர் பேச்சு முழுவதும் விளங்கிவிடும்.

கொரோனா காலத்தில் வாடகை பாக்கி வைத்தவர்களை வீட்டை விட்டு வெளியேற்றக்கூடாது என்று நோய்த் தடுப்புத் துறை உத்தரவு போட்டது. அப்படி உத்தரவிட அந்தத் துறைக்கு அதிகாரம் இல்லை என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. மாணவர் கடனைத் தள்ளுபடி செய்யும் பைடனின் திட்டத்தையும் 2023 ஜூனில் ரத்து செய்தது. இரண்டு தீர்ப்பையும் லிபர்டேரியன்கள் கொண்டாடினார்கள். அதனால் அவர்களை டிரம்ப் ஆட்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1977-இல் வந்த ஒரு நெருக்கடிகாலச் சட்டத்தைக் காட்டி டிரம்ப் 2025 ஏப்ரலில் உலக நாடுகள் மீதெல்லாம் இறக்குமதி வரி போட்டபோது, சிறு வியாபாரிகளுக்காக நீதிமன்றம் போனது லிபர்ட்டி ஜஸ்டிஸ் சென்டர் என்ற லிபர்டேரியன் வழக்கறிஞர் அமைப்பு. வழக்குப் போட்டவர்களில் நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியும் உண்டு. வரி போடுவது நாடாளுமன்றத்தின் வேலை, நெருக்கடி என்று ஒருவர் அறிவித்துவிட்டால் அது அவர் கைக்கு வந்துவிடாது என்பது வாதம். மே மாதமே அமெரிக்காவின் பன்னாட்டு வர்த்தக நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் இன்டெல் கம்பெனியில் அரசாங்கம் ஏறக்குறைய 10 சதவீதப் பங்கு எடுத்தபோது, இது சோஷலிசத்தை நோக்கிய நடை என்று கண்டித்தவர் கென்டக்கி செனட்டர் ராண்ட் பால். அவர் டிரம்பின் கட்சிக்காரர்தான்.

இதெல்லாம் வாஷிங்டன் சமாச்சாரம். நம்மவர்களை நேரடியாகத் தொட்ட வழக்கு ஒன்று நீங்கள் இருக்கும் டெக்சாஸிலேயே நடந்தது. மால்களில் நூலை வைத்துப் புருவம் திருத்தும் த்ரெட்டிங் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் பக்கத்துப் பெண்கள். ஒரு நூலும் பழகிய கையும் தவிர அந்த வேலைக்கு வேறொன்றும் வேண்டாம். ஆனால் மாநில உரிமத் துறை, அழகுக்கலைப் பள்ளியில் 750 மணி நேரம் பயிற்சி எடுத்து லைசென்ஸ் வாங்கினால்தான் இந்த வேலை செய்யலாம் என்றது. த்ரெட்டிங்கைச் சொல்லித்தராத பள்ளியில் ஆயிரக்கணக்கான டாலர் கட்டிப் படிக்க வேண்டும். இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ் என்ற லிபர்டேரியன் அமைப்பு கட்டணம் வாங்காமல் வழக்கு நடத்தியது. அந்த 750 மணி நேரத்தில் 320 மணி நேரம் வரை த்ரெட்டிங்குக்குச் சம்பந்தமே இல்லாதது என்பதை மாநில அரசே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 2015 ஜூனில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. உழைத்துப் பிழைக்க வந்த பெண்ணின் வழியை ஒரு அலுவலக விதி அடைத்து நிற்பதைக் கண்டு இவர்களுக்கு வந்த கோபம் எனக்கும் உண்டு. நம் ஊர்ப் பெண்களுக்காக இரண்டு பெரிய கட்சிகளும் அந்த வழக்கில் வந்து நிற்கவில்லை.

இன்னொன்றை எல்லாப் புதியவர்களிடமும் சொல்லிவிடுவேன். இங்கே போலீஸ் உங்கள் பணத்தையோ காரையோ, குற்றத்தோடு தொடர்புள்ளது என்ற சந்தேகத்தின் பேரில் பறிமுதல் செய்ய முடியும். உங்கள் மேல் வழக்கே போடாமல் பொருளின் மேல் வழக்குப் போடலாம். பல மாநிலங்களில் அந்தப் பணம் பிடித்த துறைக்கே போகிறது. பறிக்கப் பறிக்க வருமானம். இந்தியானாவில் ஒருவர் சில நூறு டாலருக்குப் போதைப்பொருள் விற்று மாட்டினார். அந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 10,000 டாலர். அப்பாவின் ஆயுள் காப்பீட்டுப் பணத்தில் அவர் வாங்கியிருந்த 42,000 டாலர் லேண்ட் ரோவரை மாநிலம் எடுத்துக்கொண்டது. மிதமிஞ்சிய அபராதத்துக்கு எதிரான அரசியல் சட்டப் பாதுகாப்பு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. நியூ மெக்சிகோ 2015-லேயே இப்படிக் குற்றத் தீர்ப்பு இல்லாமல் பறிப்பதை நிறுத்திவிட்டது. டெக்சாஸில் இன்னும் இருக்கிறது. ஆகவே பழைய கார் வாங்கப் பெரிய தொகையை ரொக்கமாக எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகாதீர்கள். ரொக்கம் வைத்திருப்பது குற்றம் இல்லைதான். பறிபோனால் திரும்ப வாங்குவதற்கு வக்கீல் செலவே பணத்தைத் தின்றுவிடும்.

அப்புறம், இவர்கள் சொல்வதையெல்லாம் நான் ஏற்கவில்லை. பள்ளிக்கூடம், மருத்துவம் எல்லாவற்றிலிருந்தும் அரசாங்கம் விலகிக்கொள்ளட்டும், சந்தை பார்த்துக்கொள்ளும் என்பவர்களும் அதில் உண்டு. சத்துணவு போட்ட அரசுப் பள்ளியில் படித்து வந்த எனக்கு அது தொண்டையில் இறங்காது. அந்தப் பள்ளி இல்லாவிட்டால் இந்த நாட்டுக்கு வந்து இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். குடியேற்றத்திலும் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. உழைக்க வருபவனை எல்லையில் தடுக்க அரசுக்கு என்ன உரிமை என்று கேட்பவர்களும், வருபவர்களைக் குறைக்கணும் என்பவர்களும் லிபர்டேரியன் கட்சி என்ற ஒரே கட்சியில் இருக்கிறார்கள். 1971-இல் தொடங்கிய அந்தக் கட்சி 2016 அதிபர் தேர்தலில் 3 சதவீதத்துக்குச் சற்று மேலே எடுத்தது. அதுவே அவர்களின் உச்சம்.

கூட்டத்துக்குப் போய்க் கேட்பதில் சட்டப்படி தவறு இல்லை. பேச்சுரிமை விசாக்காரருக்கும் உண்டு என்பதுதான் சட்டம். ஆனாலும் ஒரு கல்லூரிப் பத்திரிகையில் கட்டுரை எழுதிய வெளிநாட்டு மாணவியின் விசாவை 2025-இல் ரத்து செய்து தடுப்புக்காவலில் வைத்தார்கள். பிறகு நீதிமன்றம் விடுவித்தது என்றாலும், நம் நிலைமை எப்படி என்பது தெரிந்திருக்க வேண்டும். கேளுங்கள், விவாதியுங்கள், ஆவேசமாகப் பொதுவில் எழுதுவதைக் கிரீன் கார்டு வரும்வரை கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். ஒரு சுதந்திர நாட்டில் இப்படி அறிவுரை சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கூட்டத்தில் நன்கொடை உண்டியல் வந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் எந்தத் தேர்தலுக்கும், உள்ளூர்ப் பள்ளி வாரியத் தேர்தலுக்குக்கூட, பணம் தரக்கூடாது. அதே மாதிரி ஓட்டுநர் உரிமம் எடுக்கும் படிவத்தில், குடிமகனாக இருந்தால் வாக்காளராகப் பதிகிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். அவசரத்தில் ஆமாம் என்று குறித்துவிட வேண்டாம். நாளைக்குக் குடியுரிமை கேட்கும்போது அந்த ஒரு கட்டம் பெரிய சிக்கலாகிவிடும்.