மனநல நெருக்கடியில் இருப்பவரை அணுகக் காவலர்களுக்குப் பயிற்சி அளிப்பதால் உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. ஆனால், பயிற்சி பெற்ற காவலர் அந்த மனிதரைக் கொண்டுபோய் ஒப்படைப்பதற்கு ஒரு மருத்துவமனை தயாராக இருந்தால்தான் அந்தப் பயன் முழுமையாகக் கிடைக்கும் என்று கருதுகிறேன். என் அண்ணன் பல ஆண்டுகளாக மனச்சிதைவு நோயுடன் வாழ்கிறார். ஆகவே இந்தக் கேள்விக்கு ஒரு குடும்பத்தாரின் இடத்தில் இருந்தே பதில் சொல்கிறேன்.

இத்தகைய பயிற்சிக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுவது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள மெம்ஃபிஸ் நகரம். 1987 செப்டம்பரில், மனநோயால் பாதிக்கப்பட்டிருந்த 27 வயது கறுப்பின இளைஞர் ஒருவர் கத்தியால் தம்மையே காயப்படுத்திக்கொண்டிருந்தபோது அங்கு வந்த காவலர்கள் கத்தியைக் கீழே போடும்படி கட்டளையிட்டார்கள், அவர் போடவில்லை, சுடப்பட்டு இறந்தார். நகரில் எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகு காவல்துறையும், நோயாளிகளின் குடும்பத்தினர் நடத்திய அமைப்பும், உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களும் கூடிப் பேசி, 1988இல் நெருக்கடித் தலையீட்டுக் குழு என்ற ஏற்பாட்டை உருவாக்கின. காவல் அதிகாரி சாம் காக்ரனும் உளவியலாளர் ராண்டால்ஃப் டுபான்ட்டும் அதன் முக்கியச் சிற்பிகள்.

அங்கே எல்லாக் காவலர்களையும் கட்டாயப்படுத்தி வகுப்பில் உட்கார வைக்கவில்லை. ரோந்துப் பணியில் இருப்பவர்களில் தாமாக முன்வந்தவர்களைத் தேர்ந்தெடுத்து 40 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். நோய்களையும் மருந்துகளையும் பற்றிய பாடத்தோடு, நோயை அனுபவித்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் நேரில் பேசியதும், நடித்துப் பழகும் பயிற்சியும் அதில் இடம்பெற்றன. ஒருவர் மட்டுமே பேசுவது, குரலைத் தாழ்த்துவது, சைரனை அணைப்பது, எட்டி நிற்பது, செய்யப் போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது, நோயாளிக்கு மட்டும் காதில் கேட்கும் குரல்களைப் பொய் என்று வாதிடாமலும் மெய் என்று ஒப்புக்கொள்ளாமலும் அவை என்ன சொல்கின்றன என்று கேட்பது ஆகியவை இத்தகைய பயிற்சியின் அடிப்படைகள். சாதாரணக் காவல் பணியில் கட்டளைக்கு உடனே கீழ்ப்படியச் செய்வதுதான் திறமை என்று கற்பிக்கப்பட்டவருக்கு, இங்கே அவசரப்படாமல் இருப்பதே திறமை என்று மனத்தில் பதிய வைப்பது எளிதன்று.

இருப்பினும், மெம்ஃபிஸ் திட்டத்தின் உயிர்நாடி வகுப்பறையில் இல்லை என்பேன். காவலர் அழைத்து வருபவரை மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, காவலரைச் சில நிமிடங்களில் பணிக்குத் திருப்பி அனுப்பும் மருத்துவமனை ஒன்று அங்கே இருந்தது. இத்திட்டம் காவலர்களின் அறிவையும் மனப்பான்மையையும் மேம்படுத்துகிறது என்பதை ஆய்வுகள் ஓரளவு உறுதியாகக் காட்டுகின்றன. காயங்களையும் உயிரிழப்புகளையும் குறைக்கிறது என்பதற்கு அதே அளவு வலுவான சான்று இல்லை. ஆகவே, பயிற்சியை மட்டும் பிரித்தெடுத்து வேறொரு ஊரில் நட்டால் அதே பலன் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

நம் நாட்டில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவுப்படி, மனநோயால் தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயலாமல் அலைபவரையும், மனநோய் காரணமாகத் தமக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரையும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. 1987ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டியிருந்தது. இப்போது நேரே மருத்துவரிடம் செல்ல வேண்டும். காவலர்களுக்கு அவ்வப்போது விழிப்புணர்வுப் பயிற்சி தர வேண்டும் என்று 30ஆம் பிரிவு அரசுகளுக்குப் பொறுப்பு சுமத்துகிறது. அந்தப் பயிற்சி உயர் அதிகாரிகளின் கருத்தரங்கோடு நின்றுவிடாமல், இரவில் முதலில் வந்து நிற்கும் முதல்நிலைக் காவலரையும் தலைமைக் காவலரையும் சென்றடைய வேண்டும் என்பதே என் கவலை.

ஓர் இரவு அண்ணன் கதவைத் தாழிட்டுக்கொண்டு, யாரோ தம்மைக் கொல்ல வருவதாகக் கூச்சலிட்டபோது நாங்கள் காவல் உதவி கேட்டோம். வந்த தலைமைக் காவலர் லத்தியை ஜீப்பிலேயே வைத்துவிட்டு, கூடியிருந்த அக்கம்பக்கத்தாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, "தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று தொடங்கினார். நெடுநேரம் பேசியபின் அண்ணன் தாமாகவே வெளியே வந்தார். ஆனால் ஓர் அரசு மருத்துவமனையில், மனநல மருத்துவர் காலையில்தான் வருவார் என்று சொல்லி எங்களை விடியும்வரை வெளியே காக்க வைத்தார்கள். அந்தக் காவலரும் தம் ரோந்தை விட்டுவிட்டு எங்களோடு காத்திருந்தார். அழைத்து வரப்படுபவரைப் பரிசோதிக்கும் பொறுப்பு மருத்துவ அதிகாரியுடையது என்று அதே 100ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல மனம் படைத்த ஒரு காவலரை இப்படி அலைக்கழித்தால், அடுத்த அழைப்பில் அவருக்கு எப்படி உற்சாகம் இருக்கும்? ஒவ்வொரு மாவட்டத்திலும் இரவிலும் ஏற்கும் மருத்துவமனை எது என்பதை எழுத்தில் வரையறுத்து, அதன் மருத்துவர்களையும் காவலர்களையும் ஒரே பயிற்சியில் உட்கார வைப்பதுதான் நான் முதலில் கேட்கும் சீர்திருத்தம்.

அதுவரை, இத்தகைய நிலையில் இருக்கும் குடும்பங்கள் 112ஐ அழைக்கும்போது இது மருத்துவ நெருக்கடி என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கையில் ஆயுதம் உண்டா இல்லையா என்பதை மறைக்காதீர்கள். மருத்துவக் கோப்பையும் மருந்துச் சீட்டையும் வாசலிலேயே காவலரிடம் கொடுங்கள். ஆபத்து உடனடியாக இல்லாதபோது அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் ஆலோசனை பெறலாம்.