நோட்டையே திறக்காத கடைசி பெஞ்சு

கேள்வி: எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். நாற்பது பேரில் ஆறேழு பையன்கள் நோட்டையே திறப்பதில்லை. போர்டுக்கு வரச் சொன்னால் சிரித்துக்கொண்டே நிற்கிறார்கள். திட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். என்ன செய்வது?
- ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: முதலில், போர்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்துங்கள். நாற்பது பேர் முன்னால் 'தெரியாது' என்று நிற்பதைவிட, அடங்காதவன் என்று பேர் வாங்குவது அந்த வயதுப் பையனுக்குச் சுலபம்.

எங்கே விட்டான் என்று பாருங்கள். வகுப்பு முழுவதற்கும் ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். அந்த ஆறு பேருக்கு மட்டும் கொடுத்தால் காரியம் கெட்டுவிடும். 10 நிமிடம், மதிப்பெண் கிடையாது. 305 − 178, 7 × 8, 84 ÷ 4, 1/2 + 1/3, −3 − 5 போதும். தப்பான விடைகளைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். முதல் கணக்குக்கு 273 என்று எழுதியவன், கடன் வாங்கத் தெரியாமல் ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான். பின்னத்துக்கு 2/5 என்றால் மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டியிருக்கிறான். −3 − 5க்கு 8 வந்தால், பெருக்கலுக்கான குறி விதியை இங்கே போட்டிருக்கிறான். கழித்தலிலேயே நின்றுவிட்டவன், நீங்கள் சமன்பாடு நடத்தும்போது நோட்டைத் திறந்து என்னதான் எழுதுவான்?

இனி தினமும் முதல் 5 நிமிடம் எல்லோருக்கும் மூன்று கணக்கு. முதலாவது அவனால் நிச்சயம் முடிவது, இரண்டாவது அவன் விட்ட இடத்தைத் தொடுவது, மூன்றாவது அன்றைய பாடம். நடந்துகொண்டே டிக் போடுங்கள். 'உனக்குக்கூட வருதே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பாராட்டு அடியைவிட வலிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரே ஓர் ஓட்டையை அடைத்தால் போதும்.

மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மூடி வைத்துவிடுவான். அதே கழித்தலை, 305 ரூபாய் கொடுத்து 178 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். முதல் ரேங்க் பிள்ளையோடு உட்கார வைத்தால் பார்த்து எழுதுவான், அவ்வளவுதான். கொஞ்சமே முன்னால் இருப்பவனோடு சேர்த்துவிடுங்கள். பென்சில் இவன் கையில் இருக்கட்டும்.

கேள்வி கேட்டபின் மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டவர் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ. அதை மூன்று விநாடியாக்கியதும், வாயே திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கியதை அவர் பதிவு செய்திருக்கிறார்.

கேள்வி: ஒருவன் எப்போதும் தலை கவிழ்ந்தே கிடக்கிறான். வெளியே முட்டி போட வைக்கலாமா?

பதில்: கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வகுப்பு முடிந்ததும் தனியே கேளுங்கள்: காலையில் சாப்பிட்டாயா, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாய், வேலைக்குப் போகிறாயா? போர்டைப் பார்த்து எழுதினால் தப்பும் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினால் சரியும் வருகிறதென்றால், முதல் பெஞ்சுக்கு மாற்றிவிட்டு, கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள்.