பவுடரைக் கூட்டுவதற்கு முன் அளவு டேப்பை எடுங்கள்

கேள்வி இதுதான்: வேட்டை ரைஃபிளுக்காக வீட்டில் கையால் ஏற்றிய .270 வின்செஸ்டர் தோட்டா, உச்ச அளவு பவுடர் போட்டும், தோட்டா ஏற்றும் கையேட்டில் உள்ள வேகத்தைவிட வினாடிக்கு 150 அடி குறைவாகப் போகிறது. இன்னும் கொஞ்சம் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். இதே குறைச்சலை வைத்துக்கொண்டு ஓர் அக்டோபர் மாதம் முழுக்க நானும் அலைந்திருக்கிறேன், கூட்டியும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் இருப்பது விஸ்கான்சின். இங்கே துப்பாக்கி மான் வேட்டை நவம்பரில் ஒன்பது நாள்தான். நீங்களும் சீசனுக்கு முன் அவசரத்தில் இருப்பீர்கள், 22 அங்குலக் குழல் உள்ள ரைஃபிள்தான் வைத்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கையேட்டு வேகங்கள் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தவை. பக்கத்தின் மேலேயே குழல் நீளம் போட்டிருக்கும், பாருங்கள். .270க்குக் குழல் ஓர் அங்குலம் குட்டையானால் வேகம் 25 முதல் 35 அடி வரை குறையலாம். உங்கள் 150இல் ஐம்பது முதல் எழுபது அடி அங்கேயே போய்விட்டது.

என் கதைக்கு வருகிறேன். கையேட்டில் 3,050 அடி. குண்டின் வேகம் அளக்கும் என் குரோனோகிராஃப் காட்டியது 2,890. துப்பாக்கி பழுது பார்க்கும் ஒருவரிடம் கேட்டேன். குழல் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். குழலுக்குள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காமல் சொன்னார், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. குழலை மாற்றப் பணம் இல்லை. கையேட்டு உச்சத்துக்கு மேல் அரை கிரெய்ன் (பவுடரையும் குண்டையும் நிறுக்கும் சிறு எடை) கூட்டினேன்.

மூன்றாவது தோட்டாவில், குழலின் பின்பக்கத்தைப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடி தூக்க வரவில்லை. உள்ளங்கையால் தட்டித்தான் திறந்தேன். வெளியே வந்த பித்தளைக் கூட்டின் அடியில், எழுத்துப் பொறித்த வளையத்தின் மேல், பிறை மாதிரி ஒரு பளபளப்பான தேய்ப்பு. பவுடரைப் பற்றவைக்கும் பிரைமரின் உருண்ட விளிம்பு தட்டையாகிக் கூட்டோடு ஒட்டிக் கிடந்தது. எல்லாமே உள்ளே அழுத்தம் எகிறியதன் அடையாளம். அந்த இடத்துக்கு அரை அடி தள்ளித்தான் என் முகம் இருந்தது. .270க்குத் தொழிற்துறை வைத்திருக்கும் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு. அதில் எவ்வளவு தாண்டினேன் என்று அளக்க வீட்டில் எந்த வழியும் கிடையாது. குரோனோகிராஃப் மட்டும் இன்னும் "வேகம் போதாது" என்றே காட்டியது.

பக்கத்துப் பண்ணைக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர், எனக்குத் தோட்டா ஏற்றக் கற்றுக்கொடுத்தவர். அவர் கூட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கடைத் தோட்டாவைச் சுட்டு அளந்தாயா? அளக்கவில்லை. மறுநாள் 130 கிரெய்ன் குண்டு உள்ள கடைத் தோட்டா ஒரு பெட்டி வாங்கிச் சுட்டேன். பெட்டியில் 3,060, என் கருவியில் 2,915. அவருடைய ரேடார் கருவியைப் பக்கத்தில் வைத்தால் 2,990. 70 அடி குழல் நீளத்தின் கணக்கு. மீதி 75 அடி என் குரோனோகிராஃபின் பொய்.

அது இரண்டு கண்கள் உள்ள ஒளிவகைக் கருவி. குண்டின் நிழல் முதல் கண்ணிலிருந்து இரண்டாவது கண்ணுக்குப் போகும் நேரத்தை வைத்து வேகம் சொல்லும். கண்களுக்கு நடுவே 24 அங்குலம் என்பது அதன் கணக்கு. அதன் தண்டு உடைந்தபோது ஒரு மரச்சட்டத்தில் கண்களை நான்தான் திருகி வைத்தேன். டேப் வைத்துப் பார்த்தால் 24 அங்குலம் ஐந்து நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்). என் அப்பா ஆசாரி. ஒரு நூல் பிசகினால் கதவு சேராது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர். குண்டு அந்த ஐந்து நூலைக் கூடுதலாகக் கடந்த நேரத்தையும் கருவி 24 அங்குலமாகவே வகுத்துக் காட்டியிருக்கிறது.

உங்கள் கருவியில் இந்தக் கோளாறு இல்லாமல் இருக்கலாம். ஆனால் முதலில் கடைத் தோட்டாவைச் சுடுங்கள். அதுவும் அதே அளவு குறைந்தால், தவறு உங்கள் தோட்டாவில் இல்லை. குழலிலோ கருவியிலோ இருக்கிறது. கருவியைத் துப்பாக்கி வாயிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, குண்டுப் பாதைக்கு நேராக வையுங்கள். புது பேட்டரி போடுங்கள். கடைத் தோட்டா சரியாக வந்து உங்களுடையது மட்டும் குறைந்தால், தராசைச் சோதனை எடைக்கல் வைத்துப் பாருங்கள். மின் தராசு ஹீட்டர் காற்றிலேயே தடுமாறும், இந்த அளவுத் தோட்டாவில் ஒரு கிரெய்ன் பிசகினால் ஏறக்குறைய 50 அடி. பிறகு பவுடர் டப்பாவின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறியதா, பவுடரில் ஈரம் பட்டதா, கூடு வேறு கம்பெனியா என்று பாருங்கள். குளிரும் உண்டு. சில பவுடர்களில் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஓர் அடி, அதற்கு மேலும்கூட மாறும். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: வேகம் குறைந்ததோடு சத்தமும் சப்பென்று கேட்டால் அடுத்த தோட்டாவைத் தொடாதீர்கள். குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம், அடுத்த சூட்டில் குழல் வெடிக்கும்.

உச்ச அளவுக்கு மேல் போட்டும் தன் ரைஃபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கீழே யாராவது எழுதுவார்கள். இருக்கட்டும். அவர் ரைஃபிள் வேறு, என்னுடையது வேறு.

மான் சுடுகிறவன் பதில் சொல்ல வந்துவிட்டான் என்பவர்களுக்கும் ஒன்று. இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டப்படி இது குற்றம், அந்தச் சட்டம் சரி. இங்கே உரிமம் வாங்கி, சுட்ட மானைப் பதிவு செய்து, குடும்பத்தோடு குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுகிறோம். எங்கள் ஊர்த் தமிழர் பொங்கலுக்கு நான் சமைத்துக் கொண்டுபோன மான் வறுவலை ஒருவரும் தொடவில்லை. பக்கத்துத் தட்டில் கோழி பிரியாணி தீர்ந்தது. என் மனைவி அந்தப் பாத்திரத்தைப் பேசாமல் மூடி எடுத்துவந்தாள். அது எனக்கு ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயம். 200 கெஜத்துக்குக் குறி வைத்த ரைஃபிளில், 100 அடி வேகம் குறைந்தால் 300 கெஜத்தில் குண்டு கூடுதலாக இறங்குவது ஓர் அங்குலத்துக்குள்தான். மானுக்கு அது தெரியாது. அரை கிரெய்ன் கூட்டிய தோட்டாக்களில் பதினேழு மீதி இருந்தது, பதினேழையும், கூட்டிலிருந்து குண்டைக் கழற்றும் சுத்தியல் புல்லரால் தட்டிப் பிரித்துவிட்டேன். அந்தத் தேய்ப்பு விழுந்த கூடு மட்டும் என் ஏற்றும் மேசையில், தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது.