ஜிபியு பற்றி ஆழமாகத் தெரியாமல் திறந்த மூல கிராஃபிக்ஸ் டிரைவரில் பிழை திருத்த முடியுமா?

முடியும். இந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் கீழே வந்து சண்டை பிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டிருப்பது இது: பெங்களூரில் வேலை, சி மொழி ஓரளவு வரும், வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ். லினக்ஸின் திறந்த மூல கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பான மீசாவில், குறிப்பாக ஷேடர் (கிராஃபிக்ஸ் சிப்பான ஜிபியுவில் ஓடும் சின்ன நிரல்) கம்பைலர் பக்கம் ஏதாவது திருத்த ஆசை. ஜிபியு கட்டமைப்பையும் கணிதத்தையும் கரைத்துக் குடித்த பிறகுதான் அங்கே காலெடுத்து வைக்க வேண்டுமா?

நீங்கள் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் ஏதோ ஒரு சர்வீஸ் கம்பெனியில் புகார் டிக்கெட்டுகளை மூடிக்கொண்டிருப்பவர் என்று ஊகிக்கிறேன். நானும் அந்த வழியில் வந்தவன்தான். ஏஎம்டி, இன்டெல், குவால்காம், என்விடியா என்று எல்லாருக்கும் இந்த ஊரில் அலுவலகம் இருப்பதாலோ என்னவோ, டிரைவர் என்றாலே அந்தக் கட்டடங்களுக்குள் அடையாள அட்டை மாட்டியவர்கள் மட்டும் தொடும் சமாச்சாரம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறோம். ஒரு இன்டர்வியூவில் என் ரெஸ்யூமேயைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஹார்டுவேர் பேக்ரவுண்டே இல்லையே, டிரைவர்ல என்ன பண்ணியிருக்க முடியும்?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவருக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்குச் சொல்கிறேன்.

லினக்ஸில் கிராஃபிக்ஸ் டிரைவர் இரண்டு பாதி. கெர்னலுக்குள் இருக்கும் பாதி நினைவகத்தைப் பங்கிடும், ஜிபியுவுக்குக் கட்டளைகளை அனுப்பும். கெர்னலுக்கு வெளியே இருக்கும் பாதிதான் மீசா. 1993ல் பிரையன் பால் தொடங்கியது. ஷேடர் கம்பைலர் இருப்பது இந்த வெளிப் பாதியில். இங்கே நீங்கள் ஏதாவது கெடுத்துவைத்தால் பெரும்பாலும் அந்த நிரல் விழும், அபூர்வமாகத் திரை உறையும். மற்றபடி இது கம்பைலர் வேலை. விளையாட்டு ஸ்பிர்-வி என்ற வடிவத்தில் ஷேடரைக் கொடுக்கிறது. மீசா அதைத் தன் சொந்த இடைநிலை வடிவமான என்ஐஆருக்கு மாற்றி, ஒன்றன்பின் ஒன்றாகப் பல பாஸ்களை ஓட்டுகிறது. தேவையற்ற கணக்கை நீக்குவது, ஒரே கணக்கு இரண்டு முறை வந்தால் ஒன்றாக்குவது, சுழலை விரிப்பது என்று ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு வேலை. எதிலும் மாற்றம் இல்லை என்கிற வரை இந்த வட்டம் சுற்றும். கடைசியில் அந்தந்த ஜிபியுவுக்கான பின்பகுதி இயந்திரக் கட்டளைகளாக்கித் தருகிறது. ஹார்டுவேர் அறிவு நிஜமாகவே வேண்டியது அந்தக் கடைசிப் படியில்தான். மேலே இருப்பதைக் கல்லூரியில் கம்பைலர் பாடம் தூங்காமல் கேட்ட யாரும் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

இனி என் கதை. என்னிடம் இருந்தது ஏஎம்டியின் ஆர்டிஎன்ஏ 2 வகை ஜிபியு உள்ள லேப்டாப். விளையாட்டுகள் ஜிபியுவோடு பேசும் இடைமுகங்களில் ஒன்று வல்கன்; அதற்கான ஏஎம்டி டிரைவர் மீசாவில் ஆர்ஏடிவி, 2016ல் வந்தது. ஒரு பழைய விளையாட்டில் கேமராவைத் திருப்பினால் சுவர்களும் புல்லும் பொட்டுப் பொட்டாக மினுங்கும் என்று யாரோ ஒரு புகார் போட்டிருந்தார். பல மாதங்களாக யாரும் தொடவில்லை. என் கணினியிலும் அதே மினுங்கல். ஷேடர் பற்றி அன்று எனக்குத் தெரிந்தது சொற்பம், ஆனால் டிக்கெட் மூடிப் பிழைத்தவனுக்கு ஒன்று தெரியும்: முதலில் பிழையைச் சின்னதாக்க வேண்டும்.

"பழைய பதிப்பில் சரியாக இருந்தது" என்று புகாரிலேயே இருந்தது. அப்படியானால் கிட் பைசெக்ட், அதாவது பிழை எந்த மாற்றத்தோடு நுழைந்தது என்று தேடித் தரும் கருவி. நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவில் ஆயிரம் கமிட் (பதிவான மாற்றம்) இருந்தாலும் பாதி பாதியாக வெட்டினால் பத்துப் படிதான். ஒவ்வொரு படியிலும் பில்டு செய்து, விளையாட்டைத் திறந்து, அதே சுவர் முன்னால் நின்று பார்க்க வேண்டும். அறிவு வேண்டியதில்லை, பொறுமை போதும். கடைசியில் ஒரு கமிட் மாட்டியது. பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாகச் சேர்ப்பதை இன்னும் அதிக இடங்களில் செய்யும்படி மாற்றிய கமிட் அது. அதைத் திரும்ப எடுத்துவிட்டால் மினுங்கல் போய்விடுகிறது.

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். "இந்தக் கமிட்தான் குற்றவாளி, ரிவர்ட் செய்யுங்கள்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கமிட்டில் தவறே இல்லை. பைசெக்ட் எப்போதிருந்து என்று சொல்லும், யாரால் என்று சொல்லாது.

படம் எப்படி வரையப்படுகிறது என்று படிப்படியாகக் காட்டும் ரெண்டர்டாக் கருவியில் ஒரு ஃபிரேமைப் பிடித்துப் பார்த்தேன். விளையாட்டு ஒரே சுவரை இரண்டு முறை வரைகிறது. முதல் முறை நிறம் இல்லாமல் ஆழம் (கேமராவிலிருந்து எவ்வளவு தள்ளி) மட்டும். இரண்டாவது முறை நிறத்தோடு. ஆனால் முதல் முறை பதிந்த ஆழமும் இப்போது வருவதும் துல்லியமாகச் சமமாக இருந்தால்தான் அந்தப் பிக்சல் நிற்கும். இரண்டு முறைக்கும் தனித்தனி ஷேடர், இரண்டிலும் இடத்தைக் கணக்கிடும் வரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஆனால் கம்பைலர் முதல் ஷேடரில் பெருக்கலையும் கூட்டலையும் சேர்த்துவிட்டது. இரண்டாவதில் அந்தப் பெருக்கலின் விடை வேறு ஒரு கணக்குக்கும் தேவைப்பட்டதால் சேர்க்காமல் விட்டுவிட்டது. தனித்தனியாகச் செய்தால் இரண்டு முறை முழுமையாக்கம், சேர்த்துச் செய்தால் ஒரே முறை. மளிகைக் கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் பைசாவை ரூபாயாக்கிக் கூட்டுவதற்கும், கடைசியில் மொத்தத்தை மட்டும் ரூபாயாக்குவதற்கும் பில் மாறுமே, அதேதான். கடைசி பிட்டில் ஒரு வித்தியாசம், சமம் இல்லை, பிக்சல் காலி.

யார் தப்பு? விதிப்படி விளையாட்டின் தப்பு. இரண்டு ஷேடரிலும் ஒரே விடை வர வேண்டுமென்றால் இன்வேரியன்ட் என்று அறிவிக்க வேண்டும், அவர்கள் அறிவிக்கவில்லை. ஆனால் அந்த விளையாட்டுக்கு இனி அப்டேட் வரப்போவதில்லை, ஆடுகிறவனுக்கு விதி தேவையும் இல்லை. ஆர்ஏடிவியில் இதற்கென்றே ஒரு டீபக் வசதி இருக்கிறது: சூழல் மாறியில் (நிரலைத் தொடங்கும்போது வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) இன்வேரியன்ட்ஜியோம் என்று கொடுத்தால், இடத்தைத் தீர்மானிக்கும் வெளியீடுகள் எல்லாவற்றையும் இன்வேரியன்ட் ஆகவே எடுத்துக்கொள்ளும். கொடுத்தேன், சுவர் அசையாமல் நின்றது. அப்புறம் என்ன, எந்த விளையாட்டுக்கு எந்தச் சலுகை என்று எழுதிவைக்கும் ஒரு கோப்பு மீசாவில் உண்டு. அதில் இந்த விளையாட்டின் பெயரைச் சேர்த்து, காரணத்தை விளக்கமாக எழுதி அனுப்பினேன். நம் மதியத்தில்தான் ஐரோப்பாவில் விடிகிறது. சாயங்காலம் ஒரு ரிவ்யூவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், பதில் சொன்னேன், ஒப்புதல் வந்தது. ஏற்கெனவே வெளியான ஸ்டேபிள் பதிப்புக்கும் இந்த மாற்றம் போக வேண்டும் என்று ஒரு குறிப்புச் சேர்க்கச் சொன்னார். மார்ஜ் என்ற பாட் சோதனைகளை ஓட்டி உள்ளே எடுத்துக்கொண்டது.

"நாலு வரி கான்ஃபிக் மாற்றத்துக்கு இவ்வளவு அலட்டலா?" என்று ஒருவர் கேட்பார், தெரியும். வரியை எண்ணுகிறவர் எண்ணட்டும். அந்த நாலு வரி சரி என்று காட்டுவதற்குத்தான் மேலே உள்ள அத்தனையும்.

கம்பைல் வேகத்துக்கும் இதே கதைதான். விளையாடும்போது ஒரு புது இடத்துக்குள் நுழைந்ததும் ஒரு கணம் திரை திக்கி நிற்கிறதே, பெரும்பாலும் அப்போதுதான் ஷேடர் கம்பைல் ஆகிறது. இதற்காகவே ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் ஆதரவில் ஏசிஓ என்ற புதிய கம்பைலரை எழுதினார்கள். அதற்குமுன் ஆர்ஏடிவி எல்எல்விஎம் என்ற பொதுவான கம்பைலர் தொகுப்பை நம்பியிருந்தது. எல்எல்விஎம் நல்ல கம்பைலர், ஆனால் ஆட்டத்துக்கு நடுவில் காத்திருக்கிறவனுக்காகச் செய்ததல்ல. ஏசிஓ 2019ல் வெளியில் வந்தது, 2020ல் மீசா 20.2ல் இயல்பான தேர்வாகிவிட்டது. அந்த அளவு வேலையை நானும் நீங்களும் செய்யப்போவதில்லை. நம்மால் முடிவது நேரம் வீணாகும் சின்ன சின்ன இடங்களை அடைப்பது. ஒரு பெரிய கம்ப்யூட் ஷேடர் (நேரடியாகப் படம் வரையாமல் கணக்கு மட்டும் போடுவது) கம்பைல் ஆக ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று, நேரம் எங்கே போகிறதென்று காட்டும் பெர்ஃப் கருவியை வைத்துப் பார்த்தபோது, ஒரு பாஸ் தனக்கு வேலையே இல்லாத ஷேடரிலும் முழுத் தகவலையும் முதலில் திரட்டிவிட்டு, பிறகுதான் வேலை இருக்கிறதா என்று பார்ப்பது தெரிந்தது. அந்த வரிசையை மாற்றினேன். அவ்வளவுதான்.

மாற்றுவது எளிது, அளப்பதுதான் வேலை. டீபக் பில்டில் நேரத்தை அளக்காதீர்கள். அதில் ஒவ்வொரு பாஸுக்குப் பிறகும் என்ஐஆர் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும், வருகிற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஏற்கெனவே கம்பைல் செய்ததை வட்டில் சேமித்துவைக்கும் ஷேடர் கேஷை அணைக்க மறந்தால், இரண்டாவது ஓட்டத்தில் கம்பைலே நடக்காமல் "பத்து மடங்கு வேகம்" என்று குதிப்பீர்கள். கட்டளை எண்ணிக்கை குறைந்தது என்றும் உடனே குதிக்க வேண்டாம். ஏஎம்டியின் பழைய ஜிசிஎன் வகையில் ஒரு ஷேடர் 24 வெக்டர் ரெஜிஸ்டருக்குள் (ஜிபியுவுக்குள் இருக்கும் வேகமான சேமிப்பு இடங்கள்) அடங்கினால் ஒரு சிம்டில் (கணக்குப் போடும் அலகு) 10 அலைகள், அதாவது சேர்ந்து ஓடும் 10 கூட்டங்கள், ஓடும். 25 ஆனால் 9 தான். இரண்டு கட்டளையை மிச்சம் பிடித்து ஒரு ரெஜிஸ்டரைக் கூட்டிவிட்டால், நினைவகத்துக்குக் காத்திருக்கும் நேரத்தை மறைக்க ஓர் அலை குறைந்துவிடும். இதையெல்லாம் பார்க்கத்தான் ஃபாசில்-டிபி இருக்கிறது. நிஜ விளையாட்டுகளிலிருந்து பிடித்துவைத்த ஷேடர்களை மொத்தமாகக் கம்பைல் செய்து, உங்கள் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கட்டளைகள், ரெஜிஸ்டர்கள், ஸ்பில் (ரெஜிஸ்டரில் இடமில்லாமல் நினைவகத்துக்குப் போனவை), அலைகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டுத் தரும். என் மாற்றத்துக்கு எல்லா வரியிலும் பூஜ்ஜியம், நேரம் மட்டும் குறைவு. அந்தப் பூஜ்ஜியங்களைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் அப்ரைசலில்கூட வந்ததில்லை.

இதை ஓட்ட நேரமாகும். அப்போது சி.வி. ராமன் நகரில் வாடகைக்கு இருந்தேன்; படுக்கப் போகும்போது டெஸ்க்டாப்பில் ஓடவிட்டுவிட்டுத் தூங்குவேன். மின் கட்டணம் கொஞ்சம் ஏறியது. கீழ்வீட்டில் இருந்த ஓனர் மீட்டரைப் பார்த்துவிட்டு, "சார், மேலே பிட்காயின் கிட்காயின் எடுக்கிறீங்களா?" என்று நேராகவே கேட்டார். கட்டணம் கட்டுகிறவன் நான், அவருக்கு என்ன? கம்பைலர் என்று விளக்கினேன், நம்பவில்லை. காலி செய்யும்போது அட்வான்ஸிலிருந்து பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். நான் குடிவந்தபோதே சுவர் உரிந்துதான் இருந்தது, போட்டோகூட வைத்திருக்கிறேன். பேச்சிலருக்கு வீடு தருவதே பெரிய தயவு என்கிற தோரணை வேறு. அந்தச் சுவரை எனக்குப் பின்னால் வந்தவருக்கும் பெயின்ட் அடிக்காமலேயே கொடுத்தார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். இந்த ஊரில் இதைக் கேட்க ஆளே இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கணிதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேட்ரிக்ஸ் பெரிதாக வேண்டாம். மிதவைப்புள்ளி எண்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பது மட்டும் கட்டாயம். "ஏ பி-யைவிடச் சிறியது இல்லை" என்பதை "ஏ பி-க்குச் சமம் அல்லது பெரியது" என்று கம்பைலர் மாற்றலாமா? பள்ளிக் கணக்கில் மாற்றலாம். இரண்டில் ஒன்று NaN என்கிற எண்ணல்லாத மதிப்பாக இருந்தால் கூடாது, முதலாவது உண்மையாகவும் இரண்டாவது பொய்யாகவும் வரும். இப்படிப்பட்ட விதிகள் மீசாவில் நூற்றுக்கணக்கில் ஒரே பைத்தான் கோப்பில் அடுக்கியிருக்கின்றன. துல்லியம் கெட வாய்ப்புள்ள விதிகளுக்குத் தனிக் குறி போட்டிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோப்பை மட்டும் உட்கார்ந்து படியுங்கள், பாதிப் பயம் போய்விடும்.

நான் சொன்னதில் கெர்னல் பாதி இல்லை. அதில் வேலை செய்கிறவர்கள் வந்து "இது உண்மையான டிரைவர் வேலையே இல்லை" என்று எழுத வேண்டாம், உங்கள் பக்கம் கடினம் என்று ஒப்புக்கொள்கிறேன். புதிய சிப்புக்கு ஆதரவு சேர்ப்பதும் நான் சொன்ன வகை அல்ல, அதற்கு ஆவணமும் ஹார்டுவேர் அறிவும் வேண்டும். இன்னொன்று, உங்கள் ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்கள். ஓய்வு நேரத்தில் எழுதும் கோடும் கம்பெனிக்கே சொந்தம் என்று சில இடங்களில் ஒரு ஷரத்து இருக்கும். இருந்தால் மேனேஜரிடம் வாய்ச்சொல் வாங்காமல் ஈமெயிலில் அனுமதி வாங்குங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் இதைத் தொடவே வேண்டாம்.

லேப்டாப் போதுமா என்றால், போதும். மீசாவை முழுதாக பில்டு செய்யாதீர்கள், உங்களுக்கு வேண்டிய ஒரு டிரைவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஆர்ஏடிவியை எல்எல்விஎம் இல்லாமலேயே பில்டு செய்யலாம், நேரம் பாதியாகாவிட்டாலும் நன்றாகவே குறையும். பில்டு செய்ததை சிஸ்டத்தில் நிறுவவும் வேண்டாம். எந்த டிரைவரை எடுக்க வேண்டும் என்று சூழல் மாறியில் சொன்னால் அந்த ஒரு நிரலுக்கு மட்டும் அது வேலை செய்யும், உங்கள் டெஸ்க்டாப் பத்திரமாக இருக்கும். உங்களிடம் ஏஎம்டி கார்டே இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட ஜிபியு குடும்பம் இருப்பதாக ஆர்ஏடிவியை நம்பவைத்து ஷேடர்களைக் கம்பைல் மட்டும் செய்து பார்க்கும் வசதி உண்டு. படம் வராது, கம்பைலர் வேலைக்குப் படம் தேவையும் இல்லை. இன்டெல் ஜிபியு என்றால் ஆன்வி, ஸ்னாப்டிராகன் என்றால் டர்னிப், என்விடியா என்றால் என்விகே. எல்லாம் அதே மீசாவுக்குள்தான். உங்களிடம் இருப்பது எது என்று கேள்வியில் எழுதவில்லையே. எழுதினால் அந்த டிரைவரில் யாரும் தொடாமல் கிடக்கும் புகார்களில் தொடங்கத் தோதானது எது என்று பார்த்துச் சொல்கிறேன்.