ரத்தக்காட்டேரிக் கதைகளை இனி யாராவது பதிப்பிப்பார்களா?

பதிப்பிப்பார்கள், ஆனால் தயங்குவார்கள். ஆங்கிலப் பதிப்புலகில் இதற்குச் சொல்லும் காரணம் 'சந்தை நிரம்பிவிட்டது' என்பது; அதாவது, ஒரே மாதிரிக் கதைகள் தேவைக்கு மேல் குவிந்துவிட்டன என்று பொருள். 2005இல் வந்த 'ட்வைலைட்' என்ற ரத்தக்காட்டேரிக் காதல் நாவல் சக்கைப்போடு போட்டது. அப்புறம் பள்ளிக்கூடப் பெண், வெளிறிய அழகன், தடைபட்ட காதல் என அதே அச்சில் எத்தனையோ! இன்று ஏற்கும் கதை புத்தகமாகி வர ஓரிரு ஆண்டுகள் ஆகும். அதற்குள் வாசகர் சலித்துவிட்டால்? பதிப்பாளரின் பயம் அதுதான்.

தெருவில் ஒரு பிரியாணிக் கடை ஓடினால் பக்கத்திலேயே நாலு முளைக்கும். ஐந்தாவதற்குப் பணம் போட யாரும் யோசிப்பார்கள். அதற்காக ஊர் பிரியாணியை விட்டுவிடுவதில்லை.

'எல்லாம் எழுதியாகிவிட்டது' என்பவர்களுக்கு: 1897இல் புகழ்பெற்ற 'டிராகுலா' நாவல் வந்தபோதே, போலிடோரி என்பவர் எழுதிய 'தி வாம்பயர்' என்ற ரத்தக்காட்டேரிக் கதை வெளியாகி 78 ஆண்டுகள் ஆகியிருந்தன.